ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு உள்ளாட்சிப் பதவிகளை வகிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளாட்சி அமைப்பு ஒன்றில் ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவரிடம் இன்னொரு பொறுப்பையும் ஒப்படைக்கும் பேச்சு எழுந்தால், சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்ற சந்தேகமும் உடன் எழுகிறது. நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறினாலும், அவற்றின் அடியில் உள்ள காரணங்கள் பெரிதும் ஒத்திருக்கின்றன. அந்தக் காரணங்களைப் புரிந்துகொண்டால், தமது ஊரின் சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது எவருக்கும் தெரிந்துவிடும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: வகிக்கலாமா, கூடாதா?

எந்த இரண்டு பதவிகள் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. எந்த இரண்டாவது பதவியும் கூடாது என்று முற்றாகத் தடுக்கும் சட்டங்கள் குறைவு. குறிப்பிட்ட சில பதவிகளைச் சேர்த்து வகிப்பதைத் தடுக்கும் சட்டங்களே அதிகம். ஆகவே மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது, அரசமைப்போ உள்ளாட்சிச் சட்டமோ அந்த அமைப்பின் சொந்த விதிகளோ இந்த இரு பதவிகளையும் ஒருவர் வகிக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்கின்றனவா? அப்படி எதுவும் இல்லையென்றால், இரண்டு பதவிகளும் தம் இயல்பிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாதவையா? அந்தத் தடையும் இல்லையென்றால், இரண்டிலும் இருப்பதால் எந்தெந்தத் தீர்மானங்களில் சொந்த நலன் குறுக்கிடும், அப்போது அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? முதல் கேள்விக்குப் புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் எழுதப்பட்ட நடைமுறை இருக்கும். நிதானமாக யோசித்து முடிவு காண வேண்டியது இரண்டாவது கேள்விக்குத்தான்.

இரண்டு பதவிகள் ‘பொருந்தாதவை’ என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இந்தக் கோட்பாடு, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலிருந்து வந்தது. 1787இல் ஹேஸ்டிங்ஸ் நகரைப் பற்றிய ஒரு வழக்கு, அரசர் மன்றம் எனப்பட்ட நீதிமன்றத்தின் முன் வந்தது. அந்நகரில் ஜூரட் என்று அழைக்கப்பட்ட நகராட்சிக் குழு உறுப்பினர்கள் நகர நீதிமன்றத்தில் நீதிபதிகளாகவும் அமர்ந்தார்கள். நகர எழுத்தர் அதே நீதிமன்றத்தின் கீழ்ப் பணியாற்றும் அலுவலர். ஒருவரே ஜூரட்டாகவும் நகர எழுத்தராகவும் இருந்தால், உத்தரவிடுபவரும் உத்தரவை நிறைவேற்றுபவரும் ஒருவராகிவிடுவார்கள். எனவே இவ்விரண்டும் பொருந்தா என்றும், இரண்டாவதை ஏற்றுக்கொண்டதாலேயே முதலாவது போய்விட்டது என்றும் நீதிமன்றம் கூறியது. இன்று வரை நீதிமன்றங்கள் கையாளும் அளவுகோலின் சாரம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

அந்த அளவுகோலை எளிமையாகச் சொல்வதானால், ஒரு பதவி மற்றொன்றின் மேல் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் இருப்பவர் மற்றொன்றுக்கு ஆளை நியமிக்கவோ நீக்கவோ முடியுமா, அதன் ஊதியத்தை நிர்ணயிக்கிறாரா, அதன் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறாரா, அதன் கணக்கைத் தணிக்கை செய்கிறாரா, அதன் முடிவின் மீது மேல்முறையீடு கேட்கிறாரா என்பவை இதில் அடங்கும். இவற்றுள் ஒன்று இருந்தாலும் போதும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1978இல் இயற்றிய சட்டம் இதையே மூன்று வகையாகப் பிரித்துச் சொல்கிறது: ஒரு பதவி மற்றொன்றுக்குக் கீழ்ப்பட்டிருப்பது, ஒன்று மற்றொன்றை மேற்பார்வையிடுவது, இரண்டையும் வகிப்பதால் ஏதேனும் ஒன்றின் கடமை மீறப்படுவது.

மூன்றாவது வகையே நுட்பமானது. இரண்டு அமைப்புகளும் சமநிலையில் இருக்கலாம். யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் ஒரே பொருளில் இரண்டின் நலன்களும் எதிரெதிராக நிற்கக்கூடும். டெக்சாஸ் மாநிலத்தில் 1927இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளி மாவட்ட அறங்காவலர், அதாவது பள்ளிகளை நிர்வகிக்கும் வாரியத்தின் உறுப்பினர் ஒருவர், நகர மன்ற உறுப்பினராகவும் இருக்கலாமா என்பதே கேள்வி. நகர மன்றம் பள்ளி வாரியத்தின் மேலதிகாரி அன்று. எனினும் நகர எல்லைக்குள் இருக்கும் பள்ளிக் கட்டடங்கள் தொடர்பாக, சுகாதாரம், துப்புரவு, தீத்தடுப்பு ஆகியவற்றில் விதி வகுக்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. விதி விதிப்பவரும் அந்த விதிக்குக் கட்டுப்படுபவரும் ஒருவராக இருக்க முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு அமைப்புகளைப் பற்றி எவர் கேட்டாலும், இந்த வழக்கின் தர்க்கத்தை அவற்றின்மேல் பொருத்திப் பார்ப்பது பயன் தரும்.

இரண்டு வேலைகளையும் கவனிக்க எனக்கு நேரம் இருக்கிறது. நேர்மையாகவும் நடப்பேன். அது போதாதா?

நேரமும் நேர்மையும் இந்தக் கேள்விக்குள் வருவதில்லை. 1874இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், நகர நீதிமன்றம் ஒன்றின் துணை எழுத்தர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இருக்க முடியாதே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உடலால் இரண்டு இடங்களில் இருக்க இயலாமை வேறு, சட்டம் சொல்லும் பொருந்தாமை வேறு என்று கூறி, அந்த இரு பதவிகளும் பொருந்தாதவை அல்ல என்று முடிவு செய்தது. பதவியில் இருப்பவர் எவ்வளவு நல்லவர் என்பதும் இதே போல்தான். கோட்பாடு பதவிகளை ஒப்பிடுகிறதே தவிர, மனிதரை எடைபோடுவதில்லை. இதைத் தம் மீதான சந்தேகமாக எடுத்துக்கொண்டு மனம் வருந்துபவர்களுக்கு இந்த வேறுபாட்டை முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது. கூட்டங்கள் பாதி சண்டையில் முடிவதற்கு அந்த வருத்தமே காரணமாகிவிடுகிறது.

மோதல் வரும் தீர்மானத்தின்போது மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாமே?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகப் பார்ப்போம்.

ஒருவர் நகர மன்றத்தில் உறுப்பினர். அதே பகுதிக்கு நீர் வழங்கும் தனி வாரியத்திலும் இயக்குநர். வாரியம் மொத்தமாக நீரை விற்கிறது, நகரம் வாங்குகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஆண்டு வருகிறது. வாரியத்தின் கூட்டத்தில், பழைய குழாய்களை மாற்றுவதற்குக் கட்டணத்தை உயர்த்தியே ஆக வேண்டும் என்று பொறியாளர் அறிக்கை வைக்கிறார். இயக்குநர் என்ற முறையில் நம்மவர் அதைப் படிக்கிறார். வாரியம் எந்த விலைக்குக் கீழே இறங்காது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த வாரம் நகர மன்றத்தில், எவ்வளவு வரை ஒப்புக்கொள்ளலாம் என்று மூடிய கதவுக்குள் பேசுகிறார்கள். இப்போது அவர் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன. தெரிந்ததைச் சொன்னால் வாரியத்துக்குத் துரோகம். சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் நகரத்துக்குத் துரோகம். எழுந்து வெளியே போய்விட்டால், அந்த ஆண்டின் மிக முக்கியமான தீர்மானத்தில் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு மன்றத்தில் குரல் இல்லை. வாரியக் கூட்டத்திலும் அவர் ஒதுங்கிக்கொண்டால் அங்கேயும் குரல் இல்லை.

இதனால்தான் பதவிகளே பொருந்தாதபோது ஒதுங்கி நிற்பது தீர்வாகாது என்று கருதப்படுகிறது. கலிபோர்னியாவில், பொருந்தாப் பதவிகள் பற்றிய பொதுச் சட்டக் கோட்பாட்டைச் சட்டமன்றமே எழுத்து வடிவில் கொண்டுவந்து, 2006ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது. வாக்களிக்காமல் விலகியிருப்பது பொருந்தாமையைப் போக்காது என்பது அங்கே நீண்ட காலமாக நிலவும் சட்டக் கருத்து. இரண்டு அமைப்புகளுக்கும் அவருடைய முழுமையான, பிளவுபடாத மதிப்பீட்டைப் பெறும் உரிமை உண்டு. பாதி நேரம் வெளியே நிற்கும் உறுப்பினரால் அதைத் தர முடியாது.

ஒதுங்குவது பயன்படும் இடமும் உண்டு. பதவிகள் பொருந்தக்கூடியவை, ஆனால் எப்போதாவது ஒரு பொருளில் தனிப்பட்ட நலன் குறுக்கிடுகிறது என்றால், அதை அறிவித்துவிட்டு விலகியிருப்பதே சரியான வழி. இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், உறுப்பினர் தமது வருமானம் தரும் வேலை, பதவி முதலிய நலன்களைப் பதிவேட்டில் பதியவும், அவை தொடர்பான விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் இருக்கவும் வேண்டும் என்கிறது. எப்போதோ ஒரு முறை வரும் மோதலுக்கு இந்த நடைமுறை போதும். பதவியின் அன்றாட வேலையிலேயே மோதல் இருந்தால் போதாது.

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் அதே அமைப்பில் சம்பளத்துக்கு வேலை செய்யலாமா?

பெரும்பாலான இடங்களில் கூடாது. ஆனால் இதற்கான காரணம் சில இடங்களில் வேறு சட்டத்திலிருந்து வருகிறது. பொருந்தாப் பதவிக் கோட்பாடு பொதுவாக ‘பதவி’களுக்கே உரியது. சட்டத்தால் உருவாக்கப்பட்டு, அரசு அதிகாரத்தில் ஒரு பங்கைத் தன் பொறுப்பில் செலுத்துவது பதவி; மேலதிகாரி சொல்வதைச் செய்வது பணி. கலிபோர்னியாவின் சட்டம் பணியிடங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. எனவே எழுத்தர், ஓட்டுநர், ஆசிரியர் போன்றோரைப் பற்றிய விடையைத் தகுதியிழப்புச் சட்டங்களிலும் பணி விதிகளிலும் தேட வேண்டும்.

இங்கிலாந்தில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, ஒரு மன்றத்தில் ஊதியம் பெறும் அலுவலர் அதே மன்றத்தின் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர். எதிர்த் திசையிலும் தடை உண்டு: உறுப்பினராக இருப்பவரையும், உறுப்பினர் பதவியிலிருந்து விலகி 12 மாதங்கள் ஆகாதவரையும் அதே மன்றம் ஊதியப் பணிக்கு நியமிக்கக் கூடாது. பதவியில் இருந்தபோது தமக்காக ஒரு நாற்காலியைத் தயார் செய்துவிட்டு, ராஜினாமா செய்த மறுநாளே அதில் போய் அமர்வதைத் தடுப்பதற்கான இடைவெளி இது. மேலும், 1989ஆம் ஆண்டின் சட்டம் மூத்த அலுவலர்களையும் அரசியல் உணர்வு மிகுந்த சில பணியிடங்களையும் தனியாகப் பிரித்து, அவற்றில் இருப்போர் வேறு எந்த மன்றத்துக்கும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தடுக்கிறது. அதற்குக் கீழ் நிலையில் இருக்கும் ஒருவர், ஒரு மன்றத்தில் பணியாற்றிக்கொண்டே பக்கத்து மன்றத்தில் உறுப்பினராக இருக்க முடியும்.

நியமிக்கும் குழுவில் நானே உறுப்பினர். அந்தக் காலியிடத்துக்கு என்னையே நியமிக்கலாமா?

கூடாது. நியமிக்கும் அதிகாரம் உடையவர்கள் தாம் நியமிக்கக்கூடிய பதவிக்குத் தகுதியற்றவர்கள் என்பதை டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1928இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. பிற இடங்களிலும் இதே கருத்தே நிலவுகிறது. சம்பந்தப்பட்டவர் வாக்களிக்காவிட்டாலும், மற்ற உறுப்பினர்கள் அனைவரும் மனமுவந்து கேட்டாலும், இதில் மாற்றம் இல்லை. விலக்கு வேண்டுமென்றால் அதைச் சட்டமே வெளிப்படையாகத் தந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பதவிக்கு ஊதியமே வாங்கவில்லை என்றால்?

எந்த விதி உங்களைத் தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. டெக்சாஸ் அரசமைப்பின் 16ஆம் பிரிவு, ஊதியம் தரும் சிவில் பதவிகளில் ஒன்றுக்கு மேல் ஒருவர் வகிக்கக் கூடாது என்கிறது. ஒன்றுக்கு ஊதியமே இல்லையென்றால் அந்த விதி பொருந்தாது. அதே விதியில் அமைதி நீதிபதி, கவுண்டி என்ற நிர்வாகப் பகுதியின் ஆணையர், நோட்டரி உள்ளிட்ட சில பதவிகளுக்கு விலக்கும் உண்டு.

ஆனால் ஊதியம் இல்லாத பதவிக்கும், ஊதியம் உண்டு என்றிருந்தும் அதை வாங்காமல் விட்ட பதவிக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. இந்தியாவில் ‘ஆதாயம் தரும் பதவி’ என்ற தகுதியிழப்பை ஒட்டி, மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜெயா பச்சன் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. அவர் மாநில அரசின் திரைப்பட வளர்ச்சிக் குழு ஒன்றின் தலைவராகவும் இருந்தார். அந்தப் பதவி ஆதாயம் தரக்கூடியதா என்பதே கேள்வி, அவர் உண்மையில் பணம் பெற்றாரா என்பது கேள்வியே இல்லை என்று நீதிமன்றம் கூறியது. மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கான சட்டப்படி தகுதியிழப்போர் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் தகுதியற்றவர்கள் என்று இந்திய அரசமைப்பின் 243எஃப், 243வி பிரிவுகள் சொல்வதால், உள்ளாட்சியில் இருப்போரும் இந்தத் தீர்ப்பைப் படித்துவைப்பது நல்லது. காசோலையைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்பது எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

ஒன்று மற்றொன்றை மேற்பார்வையிடும் பதவிகளாக இருந்தால், ஊதியம் என்ற பேச்சே தேவையில்லை. ஒரு பைசா இல்லாவிட்டாலும் அவை பொருந்தாதவையே.

சில இடங்களில் ஒருவர் இரண்டு அமைப்புகளிலும் சட்டப்படியே இருக்கிறாரே. அது எப்படி?

சட்டமே அவரை அங்கே அமர்த்தியிருந்தால் அதில் தவறில்லை. பொருந்தாமை என்பது நீதிமன்றங்கள் வளர்த்த கோட்பாடு. சட்டமன்றம் விரும்பினால் அதை விலக்கிவைக்கலாம். ஒரு பதவியின் பேரிலேயே இன்னொன்றிலும் இடம் கிடைப்பது இதில் முக்கியமான வகை. இந்திய அரசமைப்பின் 243சி பிரிவு, கிராம நிலை ஊராட்சித் தலைவர்களுக்கு இடைநிலை ஊராட்சியிலும், இடைநிலைத் தலைவர்களுக்கு மாவட்ட ஊராட்சியிலும் பிரதிநிதித்துவம் அளிக்க மாநிலச் சட்டமன்றங்களை அனுமதிக்கிறது. 243இசட்டி பிரிவின் கீழ் அமையும் மாவட்டத் திட்டக் குழுவில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள், மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடமிருந்தே வர வேண்டும். அதாவது, முதல் பதவி இல்லாதவருக்கு அந்த இடங்களில் இரண்டாவதும் கிடைக்காது. பிரான்சில் பல ஊர்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டமைப்பின் மன்றத்திலும் அந்தந்த ஊர் மன்ற உறுப்பினர்களே அமர்கிறார்கள். இங்கிலாந்தில் பல மன்றங்கள் இணைந்த கூட்டு ஆணையத்தில் அந்த மன்றங்களின் தலைவர்கள் உறுப்பினர்கள்.

இந்த ஏற்பாடுகளில் அவர் தம் ஊரின் பிரதிநிதியாகவே மேல் அமைப்பில் பேசுகிறார். அங்கே ஊரின் நலனை முன்வைப்பதுதான் அவர் கடமை. நீர் வாரிய எடுத்துக்காட்டில் வந்த இரட்டை விசுவாசம் இங்கே அதே வடிவில் எழுவதில்லை.

ஒருவர் கீழ் அடுக்கிலும் மேல் அடுக்கிலும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படலாமா?

இதில் நாடுகள் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. இங்கிலாந்தில் ஒருவரே சிற்றூர் மன்றத்திலும் மாவட்ட மன்றத்திலும் கவுண்டி மன்றத்திலும் உறுப்பினராக இருப்பது சாதாரணம். மேல் மன்றத்தின் முடிவைக் கீழே கொண்டுவரவும், கீழுள்ள குறையை மேலே எடுத்துச் சொல்லவும் அது உதவுகிறது என்பது அங்குள்ள வாதம். ஆனால் ஒரு கட்டட அனுமதி விண்ணப்பம் முதலில் சிற்றூர் மன்றத்தில் கருத்துக்காகவும் பிறகு மாவட்ட மன்றத்தில் முடிவுக்காகவும் வரும்போது, கீழே உறுதியாகக் கை தூக்கிவிட்டு மேலே திறந்த மனத்துடன் கேட்கிறேன் என்று சொல்வது எளிதாக இராது. அனுபவமுள்ள உறுப்பினர்கள் இப்படிப்பட்ட பொருளில் ஏதாவது ஒரு மன்றத்தில் மட்டும் பேசுவதைத் தெரிந்தெடுக்கிறார்கள்.

பிரான்சில் பல பதவிகளைச் சேர்த்து வைத்திருப்பது நெடுங்கால அரசியல் வழக்கம். அதைச் சட்டங்கள் படிப்படியாகக் குறுக்கின. மண்டல, மாவட்ட, நகர மன்ற உறுப்பினர் இடங்களில் இரண்டுக்கு மேல் ஒருவர் வகிக்கக் கூடாது. மேயராக இருப்பவர் மாவட்ட மன்றத்துக்கோ மண்டல மன்றத்துக்கோ தலைவராக இருக்க 2000ஆம் ஆண்டின் சட்டம் தடை விதித்தது. அப்படித் தலைவரானால் மேயர் பதவி தானாகவே முடிகிறது. 2014இல் வந்த சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர்கள் மேயர் போன்ற உள்ளாட்சி நிர்வாகப் பதவிகளை வகிப்பதையும் தடுத்து, 2017இல் நடைமுறைக்கு வந்தது. சாதாரண உறுப்பினராக இருப்பதையும் தலைமைப் பொறுப்பில் இருப்பதையும் வேறுபடுத்தும் இந்த அணுகுமுறை எனக்குக் கவனிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது: பேசும் இடங்கள் இரண்டு இருக்கலாம், கையெழுத்திடும் மேசைகள் இரண்டு இருக்கக் கூடாது.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 2007இல் இயற்றிய சட்டம் ஒரே நேரத்தில் இரண்டு தேர்தல் பதவிகளை வகிப்பதையே தடை செய்தது. எனினும் 2008 பிப்ரவரி 1 அன்று ஏற்கெனவே இரண்டில் இருந்தவர்கள் தொடர்ந்து வெற்றி பெறும் வரை நீடிக்கலாம் என்று விட்டுவைத்தது. இப்படிப்பட்ட பழையவர் விலக்கு உங்கள் சட்டத்திலும் இருக்கக்கூடும். பக்கத்து ஊர்க்காரர் வகிக்கிறாரே, நான் ஏன் கூடாது என்று கேட்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பதவிகளுக்கும் போட்டியிட மட்டுமாவது செய்யலாமா?

போட்டியிடுவது வேறு, வகிப்பது வேறு. பொருந்தாமைக் கோட்பாடு வகிப்பதை மட்டுமே தொடுகிறது. வேட்புமனுவைத் தடுக்க வேண்டுமானால் தேர்தல் சட்டத்தில் தனி விதி வேண்டும். புளோரிடா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், குறிப்பிட்ட சூழ்நிலைகளில், இருக்கும் பதவியை விட்டுவிட்டுத்தான் அடுத்த பதவிக்குப் போட்டியிட வேண்டும் என்ற விதிகள் உண்டு. டெக்சாஸில் சில பதவிகளில் இருப்பவர், பதவிக்காலம் இன்னும் நீண்டிருக்கும்போது வேறொன்றுக்கு வேட்பாளர் என்று அறிவித்தாலே அது ராஜினாமாவாகக் கொள்ளப்படும். மேடையில் உணர்ச்சிவசப்பட்டு அறிவிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தெரியாமல் இரண்டாவது பதவியை ஏற்றுவிட்டேன். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று நான் தேர்ந்தெடுக்கலாமா?

பொதுச் சட்டத்தின் விடை கடுமையானது: தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது. பொருந்தாத இரண்டாவது பதவியை ஏற்று உறுதிமொழி எடுத்த நொடியிலேயே முதல் பதவி காலியாகிவிடுகிறது. யாரும் நீக்க வேண்டியதில்லை, ராஜினாமாக் கடிதமும் தேவையில்லை. ஹேஸ்டிங்ஸ் வழக்கில் இரண்டாவது பதவி முதலாவதைவிடத் தாழ்ந்தது. அப்படியிருந்தும் போனது முதலாவதுதான். கலிபோர்னியாவின் சட்டமும் இதையே சொல்கிறது. இதன் விளைவை இன்னும் ஒரு படி தொடர்ந்து பாருங்கள். தவறு தெரிந்ததும் இரண்டாவதை ராஜினாமா செய்தால், முதலாவது திரும்பி வராது. அவர் கையில் இரண்டும் இல்லாமல் போகும். மேயராக இருந்த ஒருவர் ஏதோ ஒரு சிறு வாரியத்தின் உறுப்பினராக உறுதிமொழி எடுத்து, அதனால் மேயர் பதவியை இழப்பது கோட்பாட்டளவில் முற்றிலும் சாத்தியம்.

ஆனால் எல்லா விதிகளும் ஒரே திசையில் வெட்டுவதில்லை. ‘இப்பதவியில் இருப்பவர் அப்பதவிக்குத் தகுதியற்றவர்’ என்று சட்டம் தகுதியிழப்பாக எழுதியிருந்தால், செல்லாமல் போவது இரண்டாவது தேர்தலோ நியமனமோதான்; முதல் பதவி அப்படியே நிற்கும். வேறு சில சட்டங்கள் அவகாசம் தருகின்றன. இந்தியாவில் நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கும் ஒருவரே தேர்ந்தெடுக்கப்பட்டால், 1950ஆம் ஆண்டின் விதிகள் 14 நாள் அவகாசம் அளிக்கின்றன. அதற்குள் சட்டமன்ற இடத்தை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் காலியாகும். ஆகவே தடை இருக்கிறதா என்பதோடு, அந்தத் தடை எந்தப் பதவியின் மேல் விழுகிறது என்பதையும் படிக்க வேண்டும்.

அதற்குள் நான் கையெழுத்திட்ட ஆணைகளும் வாக்களித்த தீர்மானங்களும் செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். பதவியில் இருப்பவராக வெளிப்படையாகச் செயல்பட்டு, மக்களும் அவரை அப்படியே நம்பி நடந்திருந்தால், அவருடைய உரிமையில் பின்னர் குறை காணப்பட்டாலும் அவர் செய்த அலுவல்கள் செல்லும் என்பது நடைமுறைப் பதவியாளர் கோட்பாடு. இந்திய உச்ச நீதிமன்றம் 1981இல் கோகராஜு ரங்கராஜு வழக்கில், நியமனம் பின்னர் ரத்தான நீதிபதிகள் அளித்த தீர்ப்புகள் செல்லும் என்று இதன் அடிப்படையில்தான் கூறியது. பாதுகாக்கப்படுவது நம்பி நடந்த பொதுமக்களே; பதவியாளருக்கு இது உரிமை எதையும் தருவதில்லை. குறை தெரிந்த பிறகும் தொடர்ந்து கையெழுத்திடுபவர் இந்த நிழலில் ஒதுங்க முடியாது.

யார் இதை எதிர்த்துக் கேட்கலாம்?

‘எந்த அதிகாரத்தின் பேரில் இந்தப் பதவியில் இருக்கிறீர்?’ என்று கேட்கும் கோ-வாரண்டோ மனுவே இதற்கான பழைய, இன்றும் வழக்கில் உள்ள வழி. இந்தியாவில் இதை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். கலிபோர்னியாவில் தனிநபர் இந்த வழக்கைத் தொடுக்க மாநில அட்டர்னி ஜெனரலின் அனுமதி தேவை. தேர்தல் முடிந்த உடனேயே எழும் ஆட்சேபம் என்றால் தேர்தல் மனுவின் காலவரம்பு பொருந்தும், அது குறுகியது.

என் கணவர் அல்லது மனைவி வேறொரு பதவியில் இருக்கிறார். இதே தடை வருமா?

வராது. இது ஒருவர் இரு பதவி வகிப்பதைப் பற்றியது. உறவினர் நியமனம், நலன் முரண் ஆகியவற்றுக்கான விதிகள் வேறு. அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் மிகச் சிறியது. ஆட்கள் கிடைப்பதில்லை. சட்டம் இதைப் புரிந்துகொள்ளாதா?

இந்தக் குறை நியாயமானது. பல சட்டங்கள் அதைக் கணக்கில் எடுத்திருக்கின்றன. மிச்சிகன் சட்டம் மக்கள்தொகை குறைந்த ஊர்களுக்குச் சில விலக்குகள் தருகிறது. இன்னொரு வழி, இரண்டு பதவிகளின் கடமைகளையும் சட்டத்தாலேயே ஒரே பதவியாக இணைத்துவிடுவது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சிறு நகரங்களில் எழுத்தரும் பொருளாளரும் ஒரே பதவி. அங்கே ஒருவர் இரண்டு பதவிகளை வகிக்கவில்லை, ஒரு பதவியின் இரண்டு கடமைகளைச் செய்கிறார்.

ஆனால் இணைப்பதற்கான அதிகாரம் சட்டமன்றத்திடம் இருக்கிறது. மன்றம் தானே கூடி, ஆள் இல்லாததால் இவரே இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டால் மட்டும் பொருந்தாமை நீங்காது. கணக்கு எழுதுபவரையும் அதைச் சரிபார்ப்பவரையும் ஒருவராக்குவது, ஆள் கிடைக்காத ஊரில்தான் மிகவும் ஆபத்தானது. அங்கே தவறைக் கண்டுபிடிக்க வேறு எவரும் இருக்கமாட்டார்.

தற்காலிகக் கூடுதல் பொறுப்பும் இதில் சேருமா?

அலுவலர் ஒருவர் விடுப்பில் இருக்கும்போது அவர் வேலையை இன்னொரு அலுவலர் கவனிப்பது பொதுவாகப் புதிய பதவியை ஏற்பதாகாது. ஆயினும், மேற்பார்வையிடும் உறுப்பினரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால், ‘தற்காலிகம்’ என்ற சொல் அவரைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது பதவிக்கு அழைப்பு வந்திருக்கிறது. உறுதிமொழி எடுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு பதவிகளையும் உருவாக்கிய சட்டப் பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யார் நியமிக்கிறார், யார் நீக்குகிறார், பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, ஒன்றின் வரவுசெலவுத் திட்டம் மற்றொன்றின் மேசைக்கு வருகிறதா, இரண்டு அமைப்புகளுக்கும் இடையே ஒப்பந்தமோ வழக்கோ நிலமோ வரியோ இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த சில ஆண்டுகளின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டி, ஓர் அமைப்பின் பெயர் மற்றொன்றின் தீர்மானங்களில் எத்தனை இடங்களில் வருகிறது என்று பார்ப்பது, எந்த வழக்கறிஞரின் ஊகத்தையும்விட நல்ல படத்தைத் தரும்.

பிறகு அமைப்பின் சட்ட ஆலோசகரிடம் எழுத்து வடிவில் கருத்துக் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் ‘ஒன்றும் ஆகாது’ நீதிமன்றத்தில் உதவாது. இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே ஆலோசகர் என்றால் வேறொருவரிடம் கேளுங்கள், ஏனெனில் அவரும் உங்கள் நிலையிலேயே இருக்கிறார்.

முதல் பதவியை விடுவதாக முடிவு செய்தால், தேதிகளில் கவனம் தேவை. ராஜினாமா கொடுத்தவுடன் நடைமுறைக்கு வருமா, மன்றமோ அதிகாரியோ ஏற்ற பிறகா என்பது இடத்துக்கு இடம் மாறும். டெக்சாஸ் அரசமைப்பில் உள்ளதுபோல, விலகியவரும் அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை கடமையாற்ற வேண்டும் என்ற விதி இருந்தால், கடிதம் கொடுத்த பிறகும் நீங்கள் அந்தப் பதவியில் இருப்பதாகவே கருதப்படலாம். ஏற்புக் கடிதத்தின் நகல் கையில் வந்த பிறகு உறுதிமொழிக்கான நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.